77 வயதான வாப்பாவிடம் காரோட்டுவதை நிறுத்தச் சொல்வது பற்றி

துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய வாப்பாவுக்கு 77 வயது. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சங்கு வியாபாரத்தை விட்டு ஓய்ந்த பிறகும் பழைய மாருதி 800 காரைத் தாமே ஓட்டிக்கொண்டு தோப்புக்கும் ஏர்வாடிக்கும் ராமநாதபுரத்துக்கும் போய் வருகிறார். கடந்த ஆறு மாதங்களில் வீட்டு வாசல் தூணில் காரின் இடப்பக்கம் இரண்டு முறை உரசியிருக்கிறது. மக்ரிப் எனும் அந்தித் தொழுகைக்குப் பிறகு திருப்புல்லாணிப் பக்கமிருந்து திரும்பும்போது கார் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கியிருக்கிறது. ஒரு நாள் காலையில் தோப்புக்குப் போகும் வழியில் ஓர் ஆடு அடிபட்டு, ஆட்டுக்காரருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். உம்மா இப்போது காரில் ஏறவே அஞ்சுகிறார். தொலைபேசியில் மகன் பேச்செடுத்தால், "நாப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கே சொல்லித் தர்றியா?" என்று வாப்பா கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறார். அடுத்த மாதம் 30 நாள் விடுப்பில் மகன் ஊருக்கு வருகிறார். அதற்குள் லாத்தாவின் (அக்காவின்) கணவரை, அதாவது வீட்டோடு இருக்கும் மச்சானைக் கொண்டு சாவியை எடுத்து வைக்கச் செய்யலாமா என்று கேட்கிறார்.

நான் ராமநாதபுரத்தில் 28 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வரும் முதியவர்களுக்கு மருத்துவச் சான்று தருவதும் மறுப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. என் சொந்தத் தந்தையிடமும் இதே பேச்சைப் பேச வேண்டி வந்தது. அதில் முதலில் நான் தவறாகவே நடந்துகொண்டேன். அதனால் இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மச்சானை இதில் இறக்க வேண்டாம். மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கே வந்து தங்கும் வழக்கமுள்ள ஊர் உங்களுடையது; அந்த வீட்டில் மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே இருக்கும் மரியாதை மிக நுட்பமான ஒன்று என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. மருமகன் கை நீட்டிச் சாவியை எடுத்தால், அது பாதுகாப்புக்காக எடுத்தது என்று உங்கள் வாப்பாவுக்குத் தோன்றாது. என் வீட்டில் என் அதிகாரம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். நீங்கள் துபாய்க்குத் திரும்பிப் போய்விடுவீர்கள்; அந்த மனக்கசப்போடு ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறவர்கள் அவர்கள் இருவரும், நடுவில் உங்கள் லாத்தாவும்தான். சொல்ல வேண்டியவர் நீங்கள். அதையும் தொலைபேசியில் சொல்லக் கூடாது. எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால், உங்கள் வாப்பாவுக்கு உண்மையில் என்ன ஆகியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். "வயதாகிவிட்டது" என்பது ஒரு நோயின் பெயர் அன்று. 85 வயதிலும் பகலில் நிதானமாக ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 60 வயதிலேயே சாலைக்கு வரக் கூடாதவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று நிகழ்வுகளும் மூன்று வெவ்வேறு காரணங்களைக் காட்டுவதாக இருக்கலாம். அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

இரவில் கார் மண்ணில் இறங்கியதற்கு, பெரும்பாலும் கண்புரைதான் காரணமாக இருக்கும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். புரை விழுந்திருந்தால் அதுவும் குறைந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணுக்குள் சிதறி, முன்னால் இருப்பது எதுவுமே சில நொடிகளுக்குத் தெரியாமல் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்கள் பக்கம் தெருவிளக்கு இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. ராமேசுவரத்துக்கும் ஏர்வாடிக்கும் வரும் வெளியூர் வண்டிகள் முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வேகமாக வருகின்றன. அந்த ஒளியிலிருந்து தப்பிக்க இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. ஒதுங்கும்போது தாரின் விளிம்பு தெரியாவிட்டால் மண்ணில் இறங்குவதும் இயல்பு. கடற்கரை வெயிலிலும் உப்புக்காற்றிலும் நெடுங்காலம் உழைத்தவர்களுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியின் மேல் சதை வளர்ந்து பார்வையைக் கோணலாக்குவதும் இங்கே அடிக்கடி நாங்கள் காண்பது. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாசல் தூணில் ஒரே பக்கம் இரண்டு முறை உரசியதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கழுத்தெலும்புத் தேய்வினால் தலையைத் திருப்ப முடியாமல் போயிருக்கலாம். அல்லது கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா இருக்கலாம். அந்த நோய் வலி இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டே வரும், நேர்ப் பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால், எதிரே உள்ள பெயர்ப்பலகையைத் தெளிவாகப் படித்துக் காட்டி "என் கண்ணுக்கு என்ன குறை?" என்று கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. இழந்தது எது என்று அவருக்கே தெரியாது. எழுத்துப் பலகையை மட்டும் படிக்க வைத்து அனுப்பிவிடும் சோதனையில் இது அகப்படாது. கண்ணின் அழுத்தத்தை அளந்து, பார்வைப்புலச் சோதனையும் செய்ய வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் தொடங்கலாம். மதுரைக்கு அழைத்துப் போக முடியுமானால் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை நோயாளி என்பதால் விழித்திரையையும் பார்த்துவிடுவார்கள்.

ஆடு அடிபட்ட காலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன். அன்று அவர் சாப்பிட்டிருந்தாரா? பஜ்ர் தொழுகை முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டன் சாயாவோடு தோப்புக்குக் கிளம்பும் பழக்கம் பல பெரியவர்களுக்கு உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் உணவு இல்லாதபோது சர்க்கரையை 70-க்கும் கீழே இறக்கிவிடும். இளையவர்களுக்கு அப்போது வியர்த்து, கை நடுங்கி, எச்சரிக்கை கிடைக்கும். முதியவர்களுக்கு அந்த எச்சரிக்கை மங்கிப்போய், நேரடியாகக் குழப்பமே வரும். கண் திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும், எதிரே வருவது மனத்தில் பதியாது. நோன்பு மாதத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும். மாத்திரையை ஸஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவு நேரத்தில் போட்டுவிட்டு நோன்பு திறப்பதற்கு முந்தைய மணி நேரத்தில் வண்டியோட்டுவது மிகவும் கவலைக்குரியது. எந்த மாத்திரை, எந்த வேளை என்பதை மருத்துவரிடம் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள முடியும். நோன்புக்கென்றே மாற்றித் தரும் முறைகளும் உண்டு. நீண்ட நாள் சர்க்கரையினால் உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், கால் பிரேக்கில் இருக்கிறதா ஆக்சிலரேட்டரில் இருக்கிறதா என்பதுகூடச் சரியாகத் தெரியாது. கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் மறுநாள் காலை வரை மந்தத்தைக் கொடுக்கும். ஆகவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உம்மாவின் கைவைத்தியப் பொடிகள் உட்பட.

"ஆடுதானே குறுக்கே வந்தது" என்று வாப்பா சொல்லியிருப்பார். அது உண்மைதான். நம் சாலைகளின் இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது; அதற்குள் மேயும் ஆடு எந்தக் கணத்தில் வெளியே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கண்டதற்கும் பிரேக்கை மிதித்ததற்கும் இடையே ஒரு நொடி கூடுதலாக ஆனால், அந்த 17 மீட்டர்தான் ஆட்டின் உயிர். அதே புதரோரத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளும் வருகிறார்கள். இதை அவரைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லாதீர்கள். அவர் ஆட்டுக்காரரைத் தேடிப்போய்ப் பணம் கொடுத்த மனிதர். அந்த மனசாட்சியை நம்பி இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். அவரே யோசிப்பார்.

இவற்றில் கண்புரையும் மாத்திரையும் சரிசெய்யக் கூடியவை. புரை அறுவை முடிந்து சில வாரங்களில் பார்வை தெளிந்தால், பகலில் உள்ளூருக்குள் இன்னும் சில காலம் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லவும் கூடும். பரிசோதனை அவருக்குச் சாதகமாகவும் முடியலாம் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சாவியைப் பறிப்பதற்காகவே அழைத்துப் போகிறார்கள் என்று எண்ணினால் எந்தத் தந்தையும் மருத்துவமனைப் படி ஏற மாட்டார். தீர்ப்பை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு, அதற்குச் சான்று தேட மருத்துவரிடம் வரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பெற்றோர் முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, 55 வயதைத் தாண்டியவருக்கு உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் படிவம் 1-ஏ-வில் மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்றை முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டுக் கொடுப்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனவே உரிமம் செல்லுபடியாகிறது என்பதை உடல் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் அவருடைய உரிமத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். கார் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். உரிமம் இல்லாதவரை ஓட்டவிட்ட வண்டி உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கவும் வழி இருக்கிறது. நோயினால் ஓட்டத் தகுதியில்லாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரியே அதை ரத்து செய்யவோ மருத்துவச் சான்று கேட்கவோ 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் குடும்பத்தினர் எழுதிக் கேட்கலாம். ஆனால் பெற்ற மகன் தன்மேல் மனுக் கொடுத்தான் என்ற எண்ணம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள். மற்ற எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு மட்டுமே அது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வாப்பாவுக்கு முக்கியம் காரை ஓட்டுவது அன்று; அதில் போய்ச் சேரும் இடங்கள்தாம். ஒரு வாரத்தில் அவர் எங்கெங்கே போகிறார், எந்த நேரத்தில், யாரைப் பார்க்க என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கடிதத்திலிருந்தே எனக்குத் தெரிவது: விடியற்காலையில் தோப்பு, வியாழக்கிழமை ஏர்வாடி தர்கா, மாதம் இரண்டு முறை ராமநாதபுரம் வங்கியும் மருத்துவரும், இடையிடையே கல்யாணங்களும் மய்யித் (இறப்பு) வீடுகளும். நீங்கள் எழுதாமல் விட்டதும் இருக்கும். பழைய வியாபாரக் கூட்டாளி ஒருவர் பெரியபட்டினத்திலோ மரைக்காயர்பட்டினத்திலோ இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதற்காகத்தான் பெட்ரோல் போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்று, இன்றைக்குச் சீலா என்ன விலை, நண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் திரும்புபவராகவும் இருக்கலாம். அந்த ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்று ஏற்பாடு செய்யாமல் "நிறுத்துங்கள்" என்று சொன்னால், அவர் காதில் விழுவது "வீட்டுக்குள் உட்காருங்கள்" என்பதே.

மாற்று ஏற்பாடு என்பது "எங்கே போகணும்னாலும் சொல்லுங்க, ஆட்டோ கூப்பிடலாம்" என்ற வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒருவரிடம் கேட்டுத்தான் போக வேண்டும் என்றால், வீட்டை ஆண்ட மனிதர் பத்து நாளில் கேட்பதையே விட்டுவிடுவார். தோப்புக்குப் போக, உங்கள் தெருவிலேயே நம்பிக்கையான ஆட்டோக்காரர் ஒருவரை மாத வாடகைக்குப் பேசி, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குறித்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கச் செய்யுங்கள். பணத்தை மாதத் தொடக்கத்தில் வாப்பா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அது அவர் அமர்த்திய வண்டியாக இருக்க வேண்டும். வியாழக்கிழமைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஆக்டிங் டிரைவர் ஒருவர் வரட்டும். அதே மாருதியில், முன் இருக்கையில் வாப்பா உட்கார்ந்து போகட்டும். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் 77 வயது முழங்காலுக்கு அந்தப் படிகள் உயரம், கூட்டமும் அதிகம். தனியாகப் பேருந்தில் போகட்டும் என்று ஏட்டளவில் தீர்த்துவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரைக்காகவே அலைகிறார் என்றால், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் போதும். காருக்கு ஆண்டுதோறும் ஆகும் இன்சூரன்ஸ், பழுது, பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ஆட்டோவுக்கும் டிரைவருக்கும் ஆகப்போகும் செலவோடு ஒப்பிட்டு அவர் முன்னால் வையுங்கள். வியாபாரி அல்லவா, கணக்கு நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்.

என் தந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அவர் உச்சிப்புளிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 79 வயது வரை ஸ்கூட்டர் ஓட்டினார். ஒரு நாள் ரயில்வே கேட்டின் அருகில் விழுந்து முன்கையை முறித்துக்கொண்டார். கை கூடியதும் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். நான் நேரே பேசத் துணியாமல், மெக்கானிக்கிடம் சொல்லி வைத்து, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்று வண்டியைக் கடையிலேயே நிறுத்தி வைக்கச் செய்தேன். மூன்று வாரம் அவர் நாள்தோறும் கடைக்கு நடந்துபோய், "பாகம் வந்துவிட்டதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். நான்காவது வாரம் அந்தப் பையனால் பொய்யைத் தாங்க முடியவில்லை; உண்மையைச் சொல்லிவிட்டான். அப்பா என்னிடம் கோபிக்கவில்லை. "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு இரண்டு மாதம் வேறெதையும் பேசவில்லை. அந்த இரண்டு மாதங்களை இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. பின்னாளில் நான் நேரே உட்கார்ந்து, விழுந்த அன்று மருத்துவமனையில் எனக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டர் சாவியும் ஆர்.சி. புத்தகமும் என் மேசைமேல் இருந்தன. சாவியை ஒளிப்பது, பேட்டரி வயரைக் கழற்றுவது, டயரில் காற்றை இறக்குவது ஆகிய யோசனைகளை உங்களுக்கு யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பழகிய சாலையிலேயே வழி தப்பிப் போகிறார், சாப்பிட்ட மாத்திரையை மறந்து மறுபடி சாப்பிடுகிறார், முந்தைய நாள் நடந்த மோதலே நினைவில் இல்லை, சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால், அது மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம். அந்நிலையில் இன்று ஒப்புக்கொண்டது நாளை நினைவில் இருக்காது; தனக்குக் குறை இருப்பதே அவர் மனத்துக்குத் தெரியாது. அவரிடம் வாதிடுவது இருவருக்கும் கொடுமை. அப்போது காரை உறவினர் வீட்டுக்கு அப்புறப்படுத்திவிடுவதே சரி. அதற்காக உங்கள் மனம் உங்களைக் குத்த வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எனினும் உம்மாவிடமும் லாத்தாவிடமும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைபேசியில் கணவரின் மறதியை மகனிடம் சொல்ல எந்த உம்மாவுக்கும் மனம் வராது.

பேச்சை எங்கே தொடங்குவது? கடற்கரையில் வாழ்கிற நமக்கு அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள எந்த மீனவக் குடியிருப்பிலும் வயதான சம்மாட்டிகள், அதாவது படகு உரிமையாளர்கள், கடலுக்குப் போவதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். சுக்கானை மகனிடமோ மருமகனிடமோ கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கிறார்கள். அவர்களை யாரும் ஒதுக்குவதில்லை. கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடைக் காற்று எப்போது இறங்கும், இன்று வல்லம் எனும் படகை இறக்கலாமா என்பதை அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இளைஞர்கள் போகிறார்கள். வலையைப் பிரித்துச் சீர் செய்வதும் அவர்கள் கைதான். சங்கு வியாபாரத்தில் இருந்த உங்கள் வாப்பாவுக்குக் கடலோடு பழக்கம் இருந்திருக்கும். அப்படிக் கரையேறிய மனிதர்களை அவருக்கு நேரில் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவரைப் பற்றி அவரிடமே கேளுங்கள். யார் எப்போது நிறுத்தினார், எப்படி முடிவெடுத்தார் என்று அவர் சொல்லத் தொடங்கட்டும். நீங்கள் சொல்ல வேண்டியதில் பாதியை அவரே சொல்லிவிடுவார்.

மீதிப் பாதியை உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அவரைப் பற்றிச் சொல்லாதீர்கள். "உங்களால் முடியாது" என்ற சொல்லே வர வேண்டாம். இரவில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கிறது என்பது உண்மையானால், அதைச் சொல்லுங்கள். உம்மா காரில் ஏறப் பயப்படுவதை உம்மாவே சொல்லட்டும். அவருக்காக நீங்கள் சொன்னால், மனைவியும் மகனும் சேர்ந்து பேசி வைத்தது போலாகிவிடும். உறவினர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வேண்டாம், அண்டை வீட்டார் காதில் விழும்படியும் வேண்டாம். தொழுகை முடிந்து வந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் வேளை நல்ல வேளை. ஒரே அமர்வில் முடிவு கேட்காதீர்கள். முதலில் இரவில் ஓட்டுவதில்லை என்று ஒப்புக்கொள்ளட்டும். அது பெரும்பாலும் அவருக்கே நிம்மதி தரும், ஏனெனில் அந்த விளக்கொளியின் அச்சம் அவருக்குள்ளும் இருக்கிறது. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை, பிறகு ராமநாதபுரம் நகரம் என்று ஒவ்வொன்றாக விடட்டும். ஆனால் பார்வைப்புலம் குறைந்திருப்பதாகவோ சர்க்கரை அடிக்கடி இறங்குவதாகவோ பரிசோதனை காட்டினால், படிப்படி என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றே நிறுத்த வேண்டும். அதை மருத்துவர் வாயால், உங்கள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். மகனுக்குப் பணிந்தேன் என்பதைவிட மருத்துவர் சொன்னார் என்பது ஒரு தந்தைக்கு வெளியே சொல்ல ஏற்ற காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. காரை விட்டவர் அடுத்த வாரமே பேரனின் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவதை நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். "தோப்பு பக்கத்துலதானே" என்பார்கள். கண்ணும் கழுத்தும் சர்க்கரையும் மொபெட்டில் ஏறினால் மாறிவிடுவதில்லை. சுற்றிலும் தகரம் இல்லை என்பது மட்டுமே மாறுகிறது. உரிமம் தேவையில்லாத மெதுவான பேட்டரி ஸ்கூட்டருக்கும் இதே சொல்தான். காரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.

காரை உடனே விற்க வேண்டாம். வாசலில் அது நிற்பது அவருக்கு ஆறுதல். டிரைவர் வந்து எடுக்கும்வரை அதைத் துடைத்து வைப்பதும், டயரில் காற்றுப் பார்ப்பதும், இன்சூரன்ஸ் தேதியை நினைவு வைப்பதும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். ஓட்டுவதை நிறுத்திய முதல் இரண்டு மாதங்களில் சாப்பாடு குறைந்தாலோ, யாரிடமும் பேசாமல் படுத்தே கிடந்தாலோ, அதை வீம்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வு முதியவர்களிடம் இப்படித்தான் வரும்.

உங்கள் 30 நாள்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எதையும் பேசாமல், பகலில் ஒரு முறையும் அந்தி நேரத்தில் ஒரு முறையும் கடைத்தெரு வழியாக ஒரு முறையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய் வாருங்கள். எதிரே வண்டி வரும்போது இடப்பக்கம் எவ்வளவு ஒதுங்குகிறார், சந்தில் திரும்பும்போது தலை திரும்புகிறதா அல்லது உடம்போடு சேர்ந்து திரும்புகிறதா, குறுக்கே நடப்பவரை நீங்கள் பார்த்த பிறகு எத்தனை நேரம் கழித்து அவர் கால் பிரேக்குக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தி நேரப் பயணத்தில் உங்களுக்கே பயம் தோன்றினால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். இரண்டாம் வாரம் கண்ணும் சர்க்கரையும். அந்த முடிவுகள் கையில் வந்த பிறகு பேச்சு. மூன்றாம் வாரத்துக்குள் ஆட்டோக்காரரையும் டிரைவரையும் பேசி முடித்துவிட வேண்டும். ஏனெனில் உங்கள் கடைசி வாரம், வாப்பா ஸ்டியரிங்கைத் தொடாத முதல் வாரமாக இருக்க வேண்டும். அந்த வாரம் நீங்கள் வீட்டில் இருங்கள். விடியற்காலையில் ஆட்டோ வந்து வாசலில் நிற்கும்போது அவரோடு நீங்களும் ஏறித் தோப்புக்குப் போய் வாருங்கள்.